தப்பைப் பிடிக்கச் சொன்னவள்

தன் தப்பை யாராவது பிடித்துவிட்டால் முகம் மலர்கிற ஆளை என் வாழ்க்கையில் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன். அவள் எனக்கு ஓரகத்தி. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள். பேரை எழுதப்போவதில்லை. எழுதினால், "என்ன லாத்தா, என்னைய மாட்டி வச்சிட்டீங்களா?" என்று சிரிப்பாள். அக்காவை எங்கள் பக்கத்தில் லாத்தா என்போம். அவள் அதைச் சொல்லும்போது கூடப்பிறந்தவள் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் யார் எதைச் சொன்னாலும் எனக்கு மறக்காது. நடவுக்கு வருகிற பெண்கள் சொல்வது, மீன்காரி சொல்வது, கும்பகோணம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொல்வது எல்லாம் அப்படியே காதில் தங்கிவிடும். அதுதான் நான் படித்த படிப்பு. இதில் கொடுமை என்னவென்றால், எனக்குள் அதிகமாகத் தங்கிப்போனது அவள் பேச்சுதான்.

"நல்லா தெரிஞ்ச எடத்துலதான் லாத்தா வழுக்கும். தெரியாத எடத்துல நாமளே காலை ஊனிப் பாத்துத்தானே வப்போம்?" என்பாள். வரப்பில் நடப்பதைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தால் இல்லை, குர்ஆன் ஓதுவதைப் பற்றிச் சொல்கிறாள்.

அவள் ஹாஃபிழா. அதாவது குர்ஆன் முழுவதையும் மனப்பாடம் செய்தவள். அறுநூறு பக்கத்துக்கு மேல். எங்கேயாவது ஒரு வரியை எடுத்துக் கொடுத்தால் அதற்கு அடுத்த வரியிலிருந்து போய்க்கொண்டே இருப்பாள். கல்யாணம் பேசும்போதே மாமி ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்: "எங்க சின்ன மருமவ ஹாஃபிழா." பெரிய மருமகள் என்னவென்று யாரும் கேட்கவில்லை. பெரிய மருமகள் பதினோரு வருஷமாக அந்த வீட்டில் சோறாக்கிக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீடு குடமுருட்டிக் கரையில். நெல் வாங்கி விற்கிற குடும்பம். கொஞ்சம் நிலமும் குத்தகைக்கு ஓட்டினோம். வாசலில் எப்போதும் நெல் காயும். நெல்லைக் கிண்டிவிடுகிறவள் நான். அவளும் கிண்டுவாள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கிண்டிக்கொண்டே ஓதுவாள். அதனால் நான் கிண்டினால் அது நெல். அவள் கிண்டினால் அது பரக்கத்து, இறையருள். மாமி அப்படித்தான் சொன்னாள்.

மனப்பாடம் செய்துவிட்டால் முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். பத்தாவது பாஸ் பண்ணிய மாதிரி, சர்ட்டிபிகேட்டைப் பீரோவில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று. அப்படி இல்லை. தினம் ஒரு ஜுஸ்வு, அதாவது முப்பதில் ஒரு பங்கு, ஓதியே ஆகவேண்டும். அதை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் நாலு பக்கம் என்று வைத்திருந்தாள். வெண்டைக்காய் நறுக்கும்போது ஓதுவாள், கேஸ்காரனுக்காக வாசலில் நிற்கும்போது ஓதுவாள். நீட்ட வேண்டிய இடம் வந்தால் தொடைமேல் வைத்த கையில் விரல் ஒவ்வொன்றாக மடங்கும். நாலு எண்ணிக்கை என்றால் நாலு. மூணே முக்கால் கிடையாது.

"மனசுக்குள்ளயே ஓதிக்க வேண்டியதுதானே, எதுக்கு வாய்விட்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மனசுக்குள்ள ஓதுனா மனசு ஏமாத்திடும் லாத்தா. தெரியாத எடத்தை மளமளன்னு தாண்டிட்டு தெரிஞ்ச மாதிரி காட்டும். வாய்க்கு அந்தச் சாமர்த்தியம் இல்ல."

குரலாவது நன்றாக இருக்கிறதா என்றால் அதுவும் கிடையாது. தை மாதம் திருவையாற்றில் பாடுகிற குரல்களை ரேடியோவில் கேட்டு வளர்ந்த காது எனக்கு. அவள் குரல் மூட்டையிலிருந்து நெல் சரிகிற மாதிரி, சொரசொரவென்று ஒரே சீராக விழும். ஆனால் எங்கேயும் தடங்காது. என் வீட்டுக்காரர்கூட ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அந்தப் புள்ள ஓதுறப்ப வீட்டுக்குள்ள காத்து வர்ற மாதிரி இருக்கு" என்றார்.

"அப்ப ஃபேனை அணைச்சிடலாமா?" என்றேன். அவர் ரசத்தைக் குடித்தார்.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அவள் ஓத ஆரம்பித்தால் எனக்கு உடனே தேங்காய்ச் சட்னி அரைக்க வேண்டியிருக்கும். மிக்ஸியைப் போடுவேன். கோபப்படுவாள் என்று பார்த்தால், ஆள்காட்டி விரலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நிற்பாள். மிக்ஸி நின்றதும் எந்த எழுத்தில் விட்டாளோ அந்த எழுத்திலிருந்து எடுப்பாள். ஒருநாள் மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஏழு தடவை போட்டேன். ஏழு தடவையும் விரலைத் தூக்கினாள். கடைசியில், "சட்னிக்கு உப்பு பாத்தீங்களா லாத்தா?" என்று கேட்டாள். சட்னி தண்ணியாகிப் போயிருந்தது.

அவள் வைத்த ஒரு வழக்கம்தான் என்னை இதில் இழுத்துவிட்டது. மத்தியானத் தொழுகையான லுஹர் முடிந்ததும் யாராவது ஒருத்தர் குர்ஆனை விரித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அவள் பார்க்காமல் ஓதுவாள். எங்கே தப்பு வருகிறதோ அங்கே பிடிக்க வேண்டும். பிடித்தவர்கள் வீட்டுப் பாத்திரத்தை அன்றைக்கு அவள் கழுவுவாள். இதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். "வாங்களேன், வந்து என்னைப் புடிங்களேன்" என்று கூப்பிடுவாள். பக்கத்து வீட்டு இமாம் ஹஜ்ரத் பொண்டாட்டி ஒருநாள் ஒரு நீட்டலைப் பிடித்துவிட்டாள். இவள் அந்தம்மாவின் கையைப் பிடித்து முத்தி, அவர்கள் வீட்டு பிரியாணி தேக்சாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தாள். வரும்போது முகத்தைப் பார்க்கவேண்டுமே, நகை வாங்கிய மாதிரி.

அன்றைக்கே முடிவு செய்தேன், இவளை நான் பிடிக்கிறேன் என்று.

சின்ன வயதில் ஓதுகிற பள்ளியில் நான் குர்ஆனை எழுத்துக்கூட்டி வாசிக்கத்தான் கற்றேன். சட்டமெல்லாம் தெரியாது. அய்யம்பேட்டையில் ஒரு கடையில் ஓதும் சட்டத்தைச் சொல்லித்தருகிற தஜ்வீது புத்தகம், தமிழில் போட்ட சின்னப் புத்தகம், வாங்கிக்கொண்டு வந்தேன். எந்த எழுத்தில் மூக்கால் ஒலித்து நிற்கவேண்டும், எங்கே நீட்ட வேண்டும், வரிக்கு மேலே குட்டியாக மீம் என்ற எழுத்து இருந்தால் அங்கே நின்றே ஆகவேண்டும் என்றெல்லாம் நானாகவே படித்தேன். ஃபோனில் ஓதல் போட்டுக் கேட்டேன். மாமி என் தலையைத் தடவி, "அல்லாஹ் உன் நெஞ்சைத் தொறந்துட்டான்" என்றாள். என் நெஞ்சைத் திறந்தது யாரென்று எனக்குத்தான் தெரியும். பக்தியால் படிக்கிறவர்கள் மூணு மாசத்தில் விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை.

நாலு வருஷம் அவள் முன்னால் குர்ஆனை விரித்து, விரலை வரியில் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஒருமுறை ஒரு இடத்தில் நின்றாள். பிடித்துவிட்டேன் என்று நிமிர்ந்தேன். "மூச்சு தீந்து நிக்கல லாத்தா. அர்த்தம் தீந்துச்சு, நின்னேன்" என்றாள். கீழே பார்த்தேன். குட்டி மீம் இருந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும். பெண்களுக்கு மாசத்தில் அந்த ஆறேழு நாள் ஓதக்கூடாது, ஓதுவதைக் கேட்கலாம். மனப்பாடம் செய்தவளுக்கு அது பெரிய சோதனை. ஆறு நாள் வாய் அசையாவிட்டால் ஏழாவது நாள் எங்கெங்கோ துருப்பிடித்திருக்கும். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. அந்தத் தொல்லை இல்லை. அதனால் அந்த நாட்களில் நான் குர்ஆனைப் பார்த்து ஓதுவேன், அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்பாள். அந்த ஒரு விஷயத்தில்தான் நான் அவளுக்கு மேல். மாசம் முழுக்க இடைவிடாமல் ஓதக்கூடியவள் வீட்டில் மாமியை விட்டால் நான் ஒருத்தி. ஆபரேஷன் பண்ணிக்கொண்டதற்காகப் பெருமைப்பட்ட பெண் என்னைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

அப்படி ஓதி ஓதி எனக்கே சில இடங்கள் மனதில் நின்றுவிட்டன. ஷுஅரா என்று ஒரு சூரா, அதாவது அத்தியாயம். சின்னச் சின்ன வசனங்கள், ஆயத்துகள், கால் எடுத்து வைக்கிற மாதிரி போகும். அது முழுக்க எனக்கு வந்துவிட்டது. அதில் பிர்அவ்ன் ராஜாவுக்காக மூஸா நபியோடு போட்டிக்கு வந்த சூனியக்காரர்கள், தோற்ற இடத்திலேயே நெற்றி தரையில் பட சஜ்தாவில் விழுந்து, ஈமான் கொண்டோம், இறைவனை நம்பினோம் என்று சொல்லும் கட்டம் வரும். இதே கட்டம், இதே வார்த்தைகளோடு, அஃராஃப் என்ற சூராவிலும் வரும். இரண்டு ஆயத்து அச்சு அசலாக ஒன்று. அதைத் தாண்டும்போது கவனமில்லாவிட்டால் ஒன்றில் ஏறி மற்றொன்றில் இறங்கிவிடுவோம். நான் பலமுறை இறங்கியிருக்கிறேன்.

"அடையாளம் வச்சுக்கங்க லாத்தா" என்று அவள்தான் சொல்லித்தந்தாள். "அஃராஃப்ல அந்த எடத்துல பிர்அவ்னோட பேரு வரும். ஷுஅரால பேரு வராது. ஷுஅரா ஓதுறப்ப அங்க பிர்அவ்ன் பேரு வாயில வந்துச்சுன்னா, பஸ்ஸு மாறி ஏறிட்டோம்னு அர்த்தம். இறங்கிடணும்."

ரமளானில் பெண்களுக்கான ராத்திரித் தொழுகையை, தராவீஹை, எங்கள் நெல் குடோனில் வைத்தோம். கோடையில் குடோன் காலி. கூட்டிக் கழுவி, பாய் போட்டு, இரண்டு டேபிள் ஃபேன் வைத்தால் நாற்பது பேர் நிற்கலாம். முப்பது ஜுஸ்வையும் இருபத்தேழாம் இரவுக்குள் ஓதி முடிப்பது; அதைத் தமாம் என்போம். ஆண்களுக்கு இமாம் முன்னால் தனியாக நிற்பார். பெண்களுக்கு அப்படி இல்லை. ஓதுகிறவள் முதல் வரிசைக்கு நடுவிலேயே, மற்றவர்களோடு தோளோடு தோளாக நிற்பாள். அவளுக்கு வலது பக்கம் நான். அவள் தடங்கினால் எடுத்துக் கொடுக்க வேண்டியது என் வேலை. ராத்திரி ஓதப்போகிறதை மத்தியானமே என்னிடம் ஓதிக் காட்டிவிடுவாள். அதனால் அந்த வரிசையில் வழி தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

"உடனே சொல்லிடாதீங்க லாத்தா, நானே திரும்பறேனான்னு ஒரு மூச்சு பாருங்க. திரும்பலேன்னா சொல்லிடுங்க" என்று சொல்லியிருந்தாள். மூன்று ரமளான் அப்படி நின்றேன். எடுத்துக் கொடுக்க எனக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.

நான்காவது ரமளான். முதல் பத்தில் அவளுக்கு அந்த நாட்கள் வந்துவிட்டதால் வேறொரு பெண் சின்னச் சின்ன சூராக்களை வைத்துத் தொழவைத்தாள். விட்டதையெல்லாம் கூட்டிப் பிடிக்க, அதன்பிறகு இவள் தினம் ஒன்றரை ஜுஸ்வு ஓதவேண்டியிருந்தது. குறுவைக்கு நாற்றுவிட்ட நேரம் வேறு. போர்செட் கரண்டுக்காக வீடே விழித்துக்கிடந்தது. பதினெட்டாம் இரவு ஷுஅரா. அவள் தோள் களைத்திருந்தது எனக்குத் தெரிந்தது. தோள் என் தோளைத் தொட்டுக்கொண்டுதானே இருந்தது.

சூனியக்காரர்கள் விழுந்தார்கள். ஈமான் கொண்டோம் என்றார்கள். அடுத்து பிர்அவ்ன் பேர் வந்தது.

என் காது நிமிர்ந்துகொண்டது. ஒரு மூச்சு பார்த்தேன். அவள் திரும்பவில்லை. அஃராஃபிலேயே நெல் சரிகிற மாதிரி போய்க்கொண்டிருந்தாள். சரியான வார்த்தை என் நாக்கு நுனியில் வந்து நின்றது. நாலு வருஷமாக இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்க வேண்டியதுதான்.

திறக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிடித்துவிட்டால் சந்தோஷப்படுவாள் என்பது ஞாபகம் வந்தது. என் கையைப் பிடித்து முத்துவாள், பாத்திரம் கழுவுவாள், நாற்பது பேரும் அவள் குணத்தைத்தான் பேசுவார்கள். நான் பிடித்தாலும் பேர் அவளுக்குத்தான். பேசாமல் இருந்தால் அவளிடம் ஒரு ஓட்டை இருக்கும், அது எனக்கு மட்டும் தெரியும். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் யோசித்தேனா, அப்புறமாக யோசித்து அங்கே வைத்தேனா தெரியாது. இரண்டு சூராவிலும் அந்தக் கட்டம் முடிகிற இடத்தில் ருகூவு, குனிகிற இடம், வரும். அவளும் அங்கே குனிந்துவிட்டாள். எழுந்து அடுத்த ரக்அத்தை, தொழுகையின் அடுத்த சுற்றை, ஷுஅராவில் அதற்குப் பிந்தைய கட்டத்திலிருந்து சரியாகத் தொடங்கினாள். நடுவில் மூன்று ஆயத்து விழுந்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை, அவளுக்கும்.

"மாஷா அல்லாஹ், இன்னிக்கு என்னா ஓதல்!" என்றார்கள் வெளியே செருப்பைத் தேடிக்கொண்டே. நானும் "ஆமா" என்றேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு நாள் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அவள் ஓதும்போது மிக்ஸி போடத் தோன்றவில்லை. மாமி அவளைப் புகழ்ந்தால் புன்னகை வந்தது. மூன்றாம் நாள், குடோனில் பாய் விரிக்கும்போது, கால் வலிக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தொழுகிற ஒரு பெரியம்மா, "எனக்கு இதுதான் மொதத் தமாம் புள்ள. முழுசாக் கேட்டுட்டேன்னு அல்லாஹ்கிட்ட சொல்லிக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து புளிக்க ஆரம்பித்தது. அவள் ஒருத்தியின் ஓட்டையென்று நினைத்தேன்; நாற்பது பேர் குர்ஆனிலும் அல்லவா மூன்று ஆயத்து இல்லை! அந்த ஆயத்துகளின் தமிழ் அர்த்தத்தை எடுத்துப் பார்த்தேன். கையைக் காலை வெட்டுவேன் என்று பிர்அவ்ன் மிரட்டுகிறான். பரவாயில்லை, எங்கள் இறைவன் எங்கள் தப்புகளை மன்னிப்பான் என்று ஆசைப்படுகிறோம் என்று சூனியக்காரர்கள் சொல்கிறார்கள். மூடி வைத்துவிட்டேன்.

இருபத்தாறாம் நோன்பு மத்தியானம். அன்று ராத்திரி தமாம். அவள் கொல்லைக் குழாயடியில் கஞ்சிக்கான அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். விட்ட ஆயத்துகளை ஓத அந்த ஒரு ராத்திரிதான் பாக்கி. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க லாத்தா."

"ஷுஅரால மூணு ஆயத்து விட்டுட்டே."

அரிசியில் கை நின்றது. "எங்க?"

"அவங்க சஜ்தால விழுற எடம். பிர்அவ்ன் பேரு வந்துச்சு."

கண்ணை மூடினாள். உதடு ஓடியது, போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. கண்ணைத் திறந்து ஈரக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "லாத்தா! புடிச்சிட்டீங்களே! மாமி, இங்க வாங்களேன், லாத்தா என்னைப் புடிச்சிட்டாங்க! எத்தினி வருஷம் கழிச்சு!" சத்தியமாகக் குதித்தாள். பிறகு, "எப்ப கண்டுபுடிச்சீங்க? இன்னிக்கு எடுத்துப் பாக்குறப்பவா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

"இல்ல. அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா?"

"நீ ஓதுறப்பவே."

குழாய்த் தண்ணீர் அரிசிப் பாத்திரத்தில் நிரம்பி வழிந்தது. என் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. "எட்டு நாளா?" என்றாள்.

"எட்டு நாளா."

"தொண்டை அடைச்சிக்கிச்சா லாத்தா?"

அதையும் எனக்காகத் தேடிக் கொடுத்தாள். நான் தலையை ஆட்டினேன். "அடைக்கல. சொல்ல வேணாம்னு இருந்துச்சு. சொல்லல."

என்னையே பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், பதினைந்து வருஷத்துப் பாக்கி என்னிடம் இருந்தது. அவள் கையை மட்டும் எடுத்துக்கொண்டாள். "சரி. ராத்திரி மொத ரக்அத்துல மூணையும் ஓதிடுவோம். நல்லவேளை, தமாம் தப்பிச்சுது" என்று குழாயை மூடினாள்.

மாமி அதற்குள் வந்துவிட்டாள். "பெரியவளா புடிச்சா? அப்ப இன்னிக்குப் பாத்திரம் உன்னுதா?"

"ஆமா மாமி. என்னுது."

கழுவினாள். நோன்பு திறந்த பிறகு கஞ்சி அண்டா, வடைச் சட்டி, கிளாஸ் எல்லாம். நான் கையை வைக்கப்போனபோது, "பேச்சு பேச்சுதான் லாத்தா, போங்க" என்றாள். வழக்கமாக இதைச் செய்யும்போது நகை வாங்கிய மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்வாள் என்று சொன்னேனே, அன்று அது இல்லை. சாதாரணமாகக் கழுவினாள், வேலைக்காரி கழுவுகிற மாதிரி.

ராத்திரி தொழுகைக்கு முன்னால் எழுந்து நின்று நாற்பது பேரிடமும் சொன்னாள்: "ஷுஅரா சூரால நான் மூணு ஆயத்து விட்டுட்டேன். எனக்குத் தெரியவே இல்ல. லாத்தாதான் புடிச்சாங்க. அவங்க இல்லேன்னா நம்ம தமாம் ஓட்டையோட போயிருக்கும். இப்ப ஓதிடலாம்."

எப்போது பிடித்தேன் என்று சொல்லவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை.

பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஸ்டூல் பெரியம்மா என் கையைப் பிடித்து முத்தினாள். "காதால கேட்டே கத்துக்கிட்டவ, ஹாஃபிழாவையே புடிச்சிட்டா பாரு!" என்றாள் ஒருத்தி. தமாம் முடிந்து நார்சா இனிப்பு கொடுக்கும்போது மாமி முதல் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த முதல் பொட்டலத்துக்காகத்தான் ஏங்கினேன். உள்ளே பூந்தியும் இரண்டு பேரீச்சம்பழமும். தின்று முடித்தேன், இனிப்பாகத்தான் இருந்தது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஓதல் அவளுக்கு வந்தது, சரி, ஓதினாள், வந்தது. யாரும் ஓதிக் கொடுக்காத இந்தக் குணமும் அவளுக்கு வந்தது பார்த்தீர்களா? எனக்கு இதற்குப் புத்தகம் எந்தக் கடையில் கிடைக்கும்?

அதற்கப்புறம் ஒன்றும் மாறவில்லை என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள். லுஹருக்குப் பிறகு அதே மாதிரி என்னிடம்தான் ஓதிக் காட்டினாள். அடுத்த ரமளானிலும் வலது பக்கம் நான்தான் நின்றேன். ஒரே ஒரு விஷயம் மட்டும் புதிதாகச் சேர்ந்தது. ஓதி முடித்துக் குர்ஆனை மூடும்போது, சிரித்த முகத்தோடு கேட்பாள்: "ஏதும் இருக்கா லாத்தா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"ஒண்ணும் இல்ல" என்பேன். இருந்ததில்லை. தினம் கேட்டாள். மூன்று வருஷம், மலேசியாவில் கொழுந்தனுக்கு வேலை கிடைத்து அவள் கிளம்புகிற நாள்வரைக்கும் கேட்டாள். ஏர்போர்ட்டுக்குக் கார் வந்து நின்ற பிறகும் நின்றுகொண்டே இரண்டு பக்கம் ஓதிக் காட்டிவிட்டுக் கேட்டாள்.

அங்கே போயும் வெள்ளிக்கிழமைதோறும் அரை ஜுஸ்வு ஓதி வாட்ஸப்பில் அனுப்புவாள். நான் மத்தியானம் குர்ஆனை விரித்து வைத்துக்கொண்டு, ஃபோனைப் பக்கத்தில் வைத்துக் கேட்பேன். முடிவில் அந்தக் கேள்வி வரும். "ஒண்ணும் இல்ல" என்று பதில் போடுவேன்.

போன மாசம் ஒன்று வந்தது. பாதியில், கொஞ்சம் வழுக்குகிற இடம்தான், ஒரு ஆயத்தை மாற்றிப் பிடித்தாள். என் விரல் வரியில் நின்றது. பிடித்துவிட்டேன் என்று வாயைத் திறப்பதற்குள், ஃபோனுக்குள்ளேயே வேறொரு பெண்குரல் சரியான வார்த்தையை எடுத்துக் கொடுத்தது. சின்னக் குரல், நம் பக்கத்துப் பெண் மாதிரியும் இருந்தது. அவள் ஓதலை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "அல்ஹம்து லில்லாஹ், புடிச்சிட்டியே!" அந்தப் பழைய சிரிப்பு, குதிக்கிற சிரிப்பு. குழாயடியில் கேட்டதற்குப் பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை.

பிறகு மீதியை ஓதினாள். நான் விரலை ஓட்டிக்கொண்டே போனேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசி ஆயத்து முடிந்தது, குர்ஆனை மூடுகிற சத்தம் கேட்டது. "ஏதும் இருக்கா?" என்று அந்தப் பெண்ணிடம் அவள் கேட்பதற்காகக் காத்திருந்தேன். டம்ளர் வைக்கிற சத்தம், கதவு சத்தம், இரண்டு பேரும் ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம்.

கேட்கவில்லை. பதிவு முடிந்துபோயிற்று. முன்னால் இழுத்துவிட்டு இன்னொருமுறை போட்டுப் பார்த்தேன், எங்காவது மெதுவாகக் கேட்டிருப்பாளோ என்று.